தங்கம் தியேட்டர்: 2,563 சீட்டோட கணக்கு

இந்த எபிசோடை ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிக்கலாம்: 2,563. மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில இருந்த தங்கம் தியேட்டர்ல இத்தனை சீட்டு. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர்னு பேர் வாங்கின இடம்.

அங்கே ஓடின முதல் படம் 'பராசக்தி'. 1952 அக்டோபர் 17, தீபாவளி ரிலீஸ். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசன் ஹீரோவா அறிமுகம். படத்தைத் தடை பண்ணணும்னு ஒரு பக்கம் குரல் எழும்ப, தங்கத்துல அது 100 நாளைத் தாண்டி ஓடுச்சு.

அந்த 100 நாளுக்கு என்ன அர்த்தம்னு கொஞ்சம் கணக்குப் போடுவோம். 1951 கணக்கெடுப்புப்படி மதுரையோட மக்கள்தொகை சுமார் 3.6 லட்சம். அதாவது ஒரே ஒரு காட்சி ஹவுஸ்ஃபுல் ஆனா, ஊர்ல 140 பேருக்கு ஒருத்தர் அந்த ஹாலுக்குள்ள இருக்கார்! நாளுக்கு மூணு காட்சின்னு வச்சா, 100 நாளுக்கு ஏறக்குறைய 7.7 லட்சம் சீட்டு. பாதி நிரம்பினாலே மொத்த ஊரும் ஒரு தடவை வந்து பார்த்த கணக்கு. அப்போ பார்த்தவங்களே திரும்பத் திரும்ப வரணும், சுத்துப்பட்டு கிராமத்து ஜனங்களும் கிளம்பி வரணும். இல்லேன்னா இந்தக் கணக்கு உதைக்கும்.

அப்போ அது நடந்துச்சு. ஏன்னா ஒரு புதுப்படம் பெரும்பாலும் ஒரு ஊர்ல ஒரு தியேட்டர்லதான் வரும். பிரிண்ட் போடறது செலவான வேலை. சென்னையில தூர்தர்ஷன் வந்ததே 1975-லதான். படம் பார்க்கணும்னா அந்த ஒரு வாசல்தான்.

அப்புறம் டிவி, வீடியோ, ஒரே நாள்ல நிறைய தியேட்டர்ல ரிலீஸ்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. 100 நாள் வசூல் முதல் வாரத்துக்குள்ள சுருங்குச்சு. இப்போ அதே 2,563 பாரமாயிடுது. ஒரு காட்சிக்கு 500 பேர் வர்றாங்கன்னு வைங்க. 250 சீட்டு உள்ள ரெண்டு ஸ்கிரீன்ல அது ஹவுஸ்ஃபுல் போர்டு. தங்கத்துல அஞ்சுல நாலு சீட்டு காலி!

இன்னொரு விஷயம், நிலம். தியேட்டர்னா நடுவுல பெரிய வெற்றிடம் வேணும், அதுக்குள்ள மாடி போட முடியாது. ஜவுளிக்கடைன்னா மாடிக்கு மேல மாடி கட்டி ஒவ்வொரு சதுர அடியிலயும் விக்கலாம். ரயில்வே ஸ்டேஷனுக்கும் மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் நடுவுல நிலம் என்ன விலை போகும்? தங்கம் மூடப்பட்டுச்சு, இடிக்கப்பட்டுச்சு. இன்னிக்கு அந்த இடத்துல சென்னை சில்க்ஸ் நிக்குது.

இதுல வில்லன்னு யாரும் இல்ல. ஆனா நாம இழந்தது கட்டடத்தை மட்டும்னு நான் நினைக்கல. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேருக்கு அன்னிக்கு சினிமா வசனம்தான் அரசியல் மேடை. 'பராசக்தி'யோட கோர்ட் சீன் வசனத்தை 2,500 பேர் ஒரே கூரைக்கு அடியில கேட்கறாங்க. பெஞ்சு டிக்கெட்டுல கைதட்டல் ஆரம்பிச்சா மேல பால்கனிக்கும் அது கேட்கும். நமக்குப் பிடிச்ச வசனம் எத்தனை பேருக்குப் பிடிச்சிருக்குன்னு காதாலயே தெரிஞ்சுக்கலாம். இன்னிக்கு அதே 2,500 பேர் பத்து ஹால்ல உட்கார்ந்து அதே படத்தைப் பார்க்கிறோம், வசூலும் அதேதான் வருது. பக்கத்து ஹால் கைதட்டல் மட்டும் நமக்குக் கேட்கறதில்ல.