சுங்கமும் ஓசூர்ச் சாலையும்

காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர் சரக்குப் பொதிகளிற் புலிமுத்திரை பொறித்தமையைப் பட்டினப்பாலை காட்டும். பின்னாளில் முதற் குலோத்துங்கன் 'சுங்கந்தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். ஒரு வரியை நீக்கியதற்கே பட்டமெனின், அது மக்களை எத்துணை வருத்தியிருத்தல் வேண்டும்!

நம் பெங்களூர்–ஓசூர்ச் சாலையும் அவ்வருத்தம் கண்டதே. நாடெங்கும் வாணிகம் தடையின்றி நடைபெறுமென 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத்தின் 301ஆம் உறுப்பு உறுதி கூறிற்று. ஆயினும் அத்திப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஒரு சாவடியிற் காட்டிய சீட்டையே மறு சாவடியிலும் காட்டவேண்டியிருந்தது. நம் சங்கத்து வணிக அன்பர் இதனை நன்கறிவர். 2017 சூலை 1ஆம் நாள் சரக்கு சேவை வரி வந்தபின்னரே அவ்வணிகவரிச் சாவடிகள் அகன்றன. 2018 ஏப்ரல் முதல் மாநிலங்களிடைச் செல்லும் சரக்கிற்கு மின்வழிச் சீட்டு வேண்டப்பட்டது. அதனைச் சோதிக்க அலுவலர் இடைவழியில் நிறுத்துதலும் உண்டு.