ஓலைப் பாவாடை வந்த வழி

ஹவாய் என்றதும் கண்முன் வருவது, இடுப்பில் உலர்ந்த ஓலைப் பாவாடை கட்டி ஆடும் பெண். அந்தப் பாவாடை ஹவாயுடையதே அல்ல.

ஹூலா என்ற ஹவாய் நடனத்தின் பழைய ஆட்டக்காரர்கள் உடுத்தியது 'கப்பா': மரப்பட்டையை ஊறவைத்து, கட்டையால் அடித்து அடித்துத் துணியாக்கியது. 'கீ' என்ற செடியின் இலையிலும் பாவாடை கட்டுவார்கள். நடுநரம்பை உரித்துவிட்டு, இலைகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் முடிந்து தொங்கவிட வேண்டும். பச்சை இலையாதலால் சில நாளில் வாடிவிடும்.

ஓலைப் பாவாடையைக் கொண்டுவந்தவர்கள் கில்பர்ட் தீவுக்காரர்கள், இன்றைய கிரிபாட்டி நாட்டு மக்கள். 1870களின் இறுதியில் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு அவர்களைக் கூலிகளாக ஏற்றி வந்தார்கள். தேயிலைக்கும் ரப்பருக்கும் ஆள் போன கதை தெரிந்த நமக்கு இது புதிதல்ல. 1893-ல் ஹவாய் அரசி லிலியுஒகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898-ல் தீவுகள் அமெரிக்காவின் கைக்குப் போயின. அதன்பின் வந்த சுற்றுலாக்காரர்களுக்கு எந்தத் தீவின் உடை என்ற கவலையெல்லாம் கிடையாது.

1912-ல் பாவாடை நியூயார்க் மேடை ஏறியது. 'பேர்ட் ஆஃப் பாரடைஸ்' நாடகத்தில் தீவுப் பெண்ணாக நடித்தவர் வெள்ளைக்கார நடிகை லாரெட் டெய்லர். 1927-ல் 'ஹூலா' படத்தில் பாவாடை கட்டி ஆடியவர் கிளாரா போ. அதே நாடகம் 1932-ல் படமானபோது மெக்சிகோவின் டொலோரஸ் டெல் ரியோ. வெள்ளைக்கார வாலிபன் தீவுப் பெண்ணைக் காதலிப்பான். எரிமலைத் தெய்வத்தின் கோபம் தணிய அவள் பலியாவாள். அவன் ஊர் திரும்புவான். 1951-ல் மறுபடி எடுத்தார்கள். கதாநாயகி டெப்ரா பேஜெட், அவரும் வெள்ளைக்காரர்தான்.

கீ இலை தோற்று ஓலை ஜெயித்ததற்கு அழகு காரணமில்லை என்றே நினைக்கிறேன். உலர்ந்த ஓலையைப் பெட்டியில் மடித்து வைக்கலாம், ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு விடலாம். இடுப்பில் கட்டியவள் எந்த ஊர்க்காரியானாலும் தீவுக்காரியாகிவிடுவாள். அசல் தீவுக்காரிக்கு வேலை இல்லை.

2016-ல் டிஸ்னியின் 'மோவானா' வந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. நாயகிக்குக் குரல் கொடுத்த அவுலிஈ கிரவாலோ ஹவாயின் மண்ணின் மகள். ஆனால் குழந்தைகளுக்கென்று டிஸ்னி கடைக்குக் கொண்டுவந்த, படத்தில் வரும் மாவுய் பாத்திரத்தின் வேடம் பழைய புத்திதான்: உடம்பை மூடும் பழுப்பு நிற உடுப்பு, அதன்மேல் பச்சை குத்திய கோலங்கள், இடுப்பில் இலைப் பாவாடை. முன்பு உடையை மட்டும் விற்றார்கள். இப்போது தோலையும் சேர்த்து. பசிபிக் தீவு மக்கள் கொதித்தார்கள். படம் வெளியாகும் முன்பே, செப்டம்பரில், டிஸ்னி மன்னிப்புக் கேட்டு அதைத் திரும்பப் பெற்றது.

ஹவாயின் ஹீலோ நகரில் மெர்ரி மொனார்க் விழாவின் ஹூலாப் போட்டி 1971 முதல் நடந்து வருகிறது. ஈஸ்டரை ஒட்டி நடக்கும், இணையத்திலும் ஒளிபரப்புகிறார்கள். அசல் ஹூலாவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதைப் பாருங்கள்.