காட்டிற்குச் சென்ற மாணவரும் காட்டிலிருந்து வந்த நூலும்

மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மானிடவியல் பயிலும் மாணவரிடையே ஒரு மரபு உண்டு. வகுப்பறைப் பாடம் முடிந்தபின் அவர்கள் தொலைவிலுள்ள ஒரு மக்களிடம் செல்வர்; ஓரிரு ஆண்டுகள் அவர்களோடு தங்கி, மொழி கற்று, கண்டதையும் கேட்டதையும் எழுதிக்கொண்டு திரும்பி முனைவர் பட்டம் பெறுவர். எழுதுகிறவர் யார், எழுதப்படுகிறவர் யார் என்பது நெடுங்காலம் முன்கூட்டியே முடிவானதாக இருந்தது. அது நாமும் அறியாத செய்தியன்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் முன்னோரின் மூக்கையும் மண்டையையும் கருவி கொண்டு அளந்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். அளக்கப்பட்டவர் அளந்தவரைப் பற்றி என்ன நினைத்தார் என்று கேட்பது அக்கால ஆய்வின் வேலையாக இருக்கவில்லை. ஏழாண்டு கழித்து, 1916 மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றத்தைப் பற்றி ஒரு மாணவர் கட்டுரை படித்தார். அவரே அண்ணல் அம்பேத்கர். எழுதப்பட்டு வந்த மக்களுள் ஒருவர் எழுதுகோலைக் கையிலெடுத்த நாள் அது.

அமேசான் மழைக்காட்டிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. அது வேறு வழியில், மிகப் பிந்தி, பெரும் விலை கொடுத்து நிகழ்ந்தது. அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்று கருதி இங்கு எழுதுகிறோம்.

பிரேசிலும் வெனிசுவேலாவும் கூடும் எல்லையில், ஓரினோக்கோ ஆற்றின் தலைப்பகுதியிலும் அதற்குத் தெற்கேயுள்ள காடுகளிலும் வாழ்வோர் யனோமாமி மக்கள். வாழையும் மரவள்ளியும் பயிரிடுவர், வேட்டையாடுவர், மீன் பிடிப்பர். ஊர் முழுதும் வட்டமான ஒரே கூரையின்கீழ் வலைத் தூளிகளைக் கட்டி உறங்கும். அவர்கள் வழக்கங்களுள் இரண்டை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் பின்னர் வருவது விளங்கும். முதலாவது, ஒருவர் பெயரை அவர் எதிரே உரக்கச் சொல்வது அவமதிப்பு. இறந்தவர் பெயரைச் சொல்வதோ பெரும் குற்றம். இரண்டாவது, ஒருவர் இறந்தால் உடலை எரித்து, எலும்புச் சாம்பலையும் சடங்கு செய்து தீர்த்து, அவர் பயன்படுத்திய பொருள்களையும் அழித்துவிடுவர். இறந்தவருடையது எதுவும் உலகில் எஞ்சலாகாது. எஞ்சினால் உயிர் போய்ச்சேர வேண்டிய இடம் சேராது. இருப்பவரின் துயரமும் ஆறாது.

1964 நவம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மாணவர் நெப்போலியன் சாக்னன் வெனிசுவேலாப் பகுதியில் ஒரு யனோமாமி ஊருக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வேண்டியது வமிசாவளி, அதாவது யாருக்கு யார் பிள்ளை, யார் இறந்தார், எப்படி இறந்தார் என்னும் விவரம். பெயரே சொல்லக்கூடாத மக்களிடம் இதைக் கேட்டால் என்ன ஆகும்? அவர்கள் மிகுந்த பணிவோடு வாய்க்கு வந்த ஆபாசப் பெயர்களையெல்லாம் சொல்ல, அவரும் மாதக்கணக்கில் அவற்றைச் சிரத்தையோடு எழுதிக்கொண்டார். வேறோர் ஊரில் ஒரு தலைவரின் மனைவி பெயரை அவர் உச்சரித்தபோது எழுந்த சிரிப்பில்தான் உண்மை வெளிப்பட்டது. ஏறத்தாழ ஐந்து மாத உழைப்பு வீண். இதை அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார்; அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் அதன்பின் அவர் கைக்கொண்ட வழியைப் பாராட்ட இயலவில்லை. ஓர் ஊராரின் இறந்தோர் பெயர்களை அவர்தம் பகைவரிடம் கேட்டறிந்தார்; மனம் நொந்திருப்பவரிடமிருந்து மற்றவர் இரகசியத்தைப் பெற்றார். 1968-இல் அவர் நூல் வெளிவந்தது. அதன் தலைப்பே அம்மக்களை 'மூர்க்கமான மக்கள்' என்றது. அமெரிக்கக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக அது பாடநூலாயிற்று.

அதே ஆண்டில் ஜேம்ஸ் நீல் என்னும் மரபியல் அறிஞருடன் சாக்னன் மீண்டும் சென்றார். நீல் ஜப்பானில் அணுகுண்டுக்குத் தப்பியோரை ஆராய்ந்தவர். இப்பயணத்திற்குப் பணம் தந்தது அமெரிக்க அணுசக்தி ஆணையம். வெட்டுக்கத்தியும் பானையும் கொடுத்து ஆயிரக்கணக்கானோரின் இரத்தம் இக்காலத்தில் எடுக்கப்பட்டது. அது எதற்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பது கொடுத்தவருக்கு விளங்கச் சொல்லப்படவில்லை. அப்போது தட்டம்மை பரவியது. அக்குழுவே தடுப்பூசியால் நோயைப் பரப்பியது என்று 2000-இல் ஒரு நூல் குற்றஞ்சாட்டியது. அக்குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று பின்னர் தெளிவாயிற்று. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு பொய்யைச் சுமத்துவதும் முறையன்று. இரத்தத்தைப் பற்றிய குறை மட்டும் உண்மை, அது தீரவுமில்லை.

எல்லைக்கு இப்பால், பிரேசிலில் தோத்தோதோபி ஆற்றங்கரையில், 1956 வாக்கில் ஒரு சிறுவன் பிறந்தான். மதப்பணியாளர்கள் அவனுக்கு விவிலியத்திலிருந்து தாவி என்று பெயரிட்டனர். 1967-இல் அவர்களுள் ஒருவரின் மகள் வழியாக அவ்வூருக்குத் தட்டம்மை வந்தது. சிறுவனின் தாய் மாண்டாள். மதப்பணியாளர்கள் அவளைப் புதைத்தனர். எங்கே என்று அவனுக்குச் சொல்லவில்லை. எரித்துச் சாம்பலைத் தீர்க்க வேண்டிய மகனுக்கு இது எத்தகைய கொடுமை என்று சொல்லத் தேவையில்லை. வளர்ந்தபின் அரசின் பழங்குடித் துறையில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்த அவர், தம் பெயரோடு கோப்பெனாவா என்பதைச் சேர்த்துக்கொண்டார். அது குளவி ஆவிகளைக் குறிப்பது. பொன் தோண்ட வந்தவர்மேல் கொண்ட சினத்தில் ஏற்ற பெயர் என்பார்.

1975-இல் புரூஸ் அல்பேர் என்னும் பிரெஞ்சு மாணவர் பிரேசில் பகுதி யனோமாமிகளிடம் வந்தார். வயது இருபத்துமூன்று. அவர் வந்த வேளையில் இராணுவ அரசு காட்டைப் பிளந்து நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்தது. சாலையோர ஊர்களில் சளிக்காய்ச்சலும் தட்டம்மையும் மக்களை வாரிக்கொண்டு போயின. ஆய்வேட்டை மட்டும் முடித்துக்கொண்டு ஊர் திரும்ப அவர் மனம் இசையவில்லை. 1978-இல் புகைப்படக் கலைஞர் கிளாவுதியா அந்துஹார், கார்லோ சாக்கினி முதலியோருடன் சேர்ந்து யனோமாமி நிலத்தைக் காக்க ஒரு குழு அமைத்தார். அந்துஹாரின் தந்தை யூதர். நாஜி முகாமில் மாண்டவர். 1980-களின் தொடக்கத்தில் தடுப்பூசி போடச் சென்ற குழுவுடன் அவர் போனார். பெயர் சொல்லாத மக்களாதலால் ஒவ்வொருவர் கழுத்திலும் எண் பலகை மாட்டிப் படமெடுக்க நேர்ந்தது. சாவதற்கென்று எண்ணிடப்பட்டோர் தம் உறவினர். இவர்களோ வாழ்வதற்கென்று எண்ணிடப்பட்டோர் என்று பின்னாளில் அவர் எண்ணிப் பார்த்தார்.

1987 முதல் பொன் தோண்டுவோர் பல்லாயிரவராக உட்புகுந்தனர். மலேரியாவாலும் துப்பாக்கியாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யனோமாமிகள் மாண்டனர். அரசோ அவர்கள் நிலத்தைப் பத்தொன்பது துண்டுகளாகச் சிதைக்க முற்பட்டது. மூர்க்கர் என்ற சாக்னனின் சித்திரம் செய்தித்தாள்கள் வழியே இதற்குத் துணைபோகிறது என்று பிரேசில் மானிடவியலாளர் அப்போது கண்டித்தனர். ஒரு மக்களுக்கு இட்ட பட்டம் அவர்கள் நிலத்தைப் பறிக்க எங்ஙனம் உதவும் என்பது நம்மவருக்குப் புதிய பாடமன்று. தாவி 1989-இல் ஐரோப்பாவுக்கும் 1991-இல் அமெரிக்காவுக்கும் சென்று முறையிட்டார். நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களையும், அவற்றுக்கு அப்பால் இடிந்த வீடுகளில் வாழும் ஏழைகளையும் அவர் குறித்துக்கொண்டு வந்தார். இப்போது காட்டிலிருந்து ஒருவர் நகரத்தை ஆராயப் போயிருந்தார்! 1992 மே மாதம் 96,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம், தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ஒரே தொகுதியாக யனோமாமிகளுக்கு உறுதி செய்யப்பட்டது.

மறு ஆண்டே ஹஷிமு என்னும் ஊரில் பெண்டிர், குழந்தைகள் உட்படப் பதினாறு பேரைப் பொன் தோண்டுவோர் கொன்றனர். உயிர் தப்பியோர் சாம்பலைச் சுரைக்குடுவைகளில் சுமந்து காட்டினூடே நடந்து வந்தனர். அவர்கள் சொன்னதை விசாரணைக்கு மொழிபெயர்த்தவர் அல்பேர். குற்றவாளிகளுக்கு இனக்கொலைக் குற்றத்திற்காகவே பிரேசில் நீதிமன்றம் தண்டனை விதித்தது. மாணவராக வந்து கற்ற மொழி பட்டத்திற்கு மட்டும் பயன்படவில்லை.

தம் சொற்களை எழுதித் தருமாறு தாவியே அல்பேரைக் கேட்டார். யனோமாமி மொழியில் பல்லாண்டு பதிவு செய்தவற்றை அல்பேர் பிரெஞ்சில் எழுதினார். 2010-இல் 'வானம் வீழ்தல்' என்னும் பொருள்படும் தலைப்போடு அந்நூல் வெளிவந்தது. தன்மையில் பேசுபவர் தாவி. அட்டையில் முதற்பெயரும் அவருடையதே. வெள்ளையரைப் பொருள்களின் மக்கள் என்று வகைப்படுத்தி, அவர்கள் ஏன் மறதியுடையோர், ஏன் தாளில் எழுதி வைக்கிறார்கள் என்றெல்லாம் அவர் அதில் ஆராய்கிறார்.

இரத்தத்தின் கதை எஞ்சியுள்ளது. இறந்தோரின் இரத்தம் அமெரிக்கக் குளிர்பெட்டிகளில் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தபோது யனோமாமிகள் திடுக்குற்றனர். தாவியும் அல்பேரும் பிரேசில் அரசு வழக்குரைஞர்களும் பல்லாண்டு எழுதிக் கேட்டனர். 2015-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குப்பிகள் திரும்பின. தோத்தோதோபியில் குழி தோண்டி, முதியோர் சடங்கு செய்ய, அவ்விரத்தம் மண்ணில் ஊற்றப்பட்டது.

1990-களின் நடுவில் தாவியின் ஊரான வத்தொரிக்கிப் பகுதியில் தாய்மொழியில் எழுத்தறிவிக்கும் பள்ளி தொடங்கியது, யனோமாமிகளே ஆசிரியராயினர். 2004-இல் ஹுத்துக்காரா என்னும் சொந்தச் சங்கம் கண்டனர். 2023 ஜனவரியில், மீண்டும் புகுந்த பொன் தோண்டுவோராலும் பட்டினியாலும் குழந்தைகள் மடிந்தபோது, பிரேசில் அரசு அங்கு நெருக்கடி நிலை அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எந்தெந்த ஆற்றில் எத்தனை சுரங்கக் குழி, எந்த ஊரில் மருந்து வரவில்லை என்று எழுதி அறிக்கையாக்கி உலகறியச் செய்தது அச்சங்கமே.