பிரேக் 'நல்லாப் பிடிக்குது' என்பது போதாது: மோட்டார் சைக்கிள் பிரேக் பேட்களைத் தேய்ந்து முடியுமுன் கவனிப்பது எப்படி?

"பிரேக் எப்படி?" என்று கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில், "நல்லாப் பிடிக்குது" என்பதுதான். லீவரை அழுத்தினால் வண்டி நிற்கிறது. ஆகவே பிரேக்கில் குறையில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் மோட்டார் சைக்கிளின் பிரேக், பேட் தேய்ந்து முடியும் தறுவாயிலும் ஏறக்குறையப் புதியதைப் போலவே பிடிக்கக்கூடியது. தேய்மானம் கைக்கும் காலுக்கும் தெரியாதபடி அது தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. அதனால் பிரேக்கைக் கண்ணால் பார்த்துத்தான் சோதிக்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடமும் கைபேசியின் வெளிச்சமும் போதும்.

நம் நாட்டில் இது கூடுதல் கவனத்துக்குரிய விடயம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுவதும், சந்தைக்கு மூட்டை கொண்டு போவதும், உணவு விநியோகம் செய்வதும் பெரும்பாலும் இந்த வண்டிகளில்தான்.

தேய்மானம் ஏன் தெரிவதில்லை?

டிஸ்க் பிரேக்கில், லீவரை அழுத்தும்போது பிரேக் ஒயில் கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் இரண்டு பேட்களையும் டிஸ்கோடு சேர்த்து நெரிக்கிறது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் சிறிது சிறிதாக வெளியே வந்து நின்றுகொள்ளும். அந்த இடைவெளியை நிரப்ப மேலே உள்ள சிறு தாங்கியிலிருந்து ஒயில் கீழே இறங்கும். லீவரின் உணர்வு மாறாது. மாறுவது தாங்கியில் உள்ள ஒயில் மட்டம் மட்டுமே.

ஒயில் மட்டம் குறைந்திருப்பதைக் கண்டதும் புதிய ஒயிலை ஊற்றி நிரப்புவது பலரது வழக்கம். அந்தக் குறைவு பேட் தேய்ந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். முதலில் பேட்டைப் பார்க்க வேண்டும். பேட்டில் தடிப்பு இருந்தும் ஒயில் குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. அந்த வண்டியை ஓட்டாமல் உடனே திருத்துமிடத்தில் காட்ட வேண்டும்.

டிரம் பிரேக்கில் இதே வேலையை நாமே செய்கிறோம். மிதி இறங்கிவிட்டது என்றால் கம்பியின் முனையிலுள்ள நட்டை இரண்டு சுற்று இறுக்குகிறோம். பிரேக் மீண்டும் 'மேலே' பிடிக்கிறது. நட்டை இறுக்குவதால் உள்ளே தேய்ந்த ஷூ வளர்ந்துவிடுவதில்லை. ஷூவை விரிக்கும் கேம் முன்னரை விடக் கூடுதலாகத் திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான். ஷூ முற்றாகத் தேய்ந்த நிலையிலும் இறுக்கிக்கொண்டே போனால், கேம் அளவுக்கு மீறித் திரும்பி, ஷூ பழைய நிலைக்கு மீளாமல் ஓடும்போதே சில்லு இறுகிப்போகவும் கூடும்.

டிஸ்க் பிரேக்கைப் பார்க்கும் முறை

வண்டியை நடு ஸ்டாண்டில் அல்லது சமதரையில் நிறுத்துங்கள். ஓடி வந்த கையோடு டிஸ்கைத் தொட வேண்டாம், சுடும். கலிப்பரின் பின்புறமாகவோ கீழ்ப்புறமாகவோ வெளிச்சத்தைப் பிடித்துப் பாருங்கள். டிஸ்கின் இருபுறமும் பேட்கள் தெரியும். ஒவ்வொரு பேட்டிலும் இரண்டு படைகள் உண்டு: ஒன்று இரும்புத் தகடு, மற்றது டிஸ்கைத் தொடும் உராய்வுப் பொருள். தகட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உராய்வுப் பொருளின் தடிப்பே பேட்டின் ஆயுள்.

பல பேட்களில் உராய்வுப் பொருளின் நடுவிலோ ஓரத்திலோ ஒரு பள்ளக் கோடு இருக்கும். அதுவே தேய்மான அடையாளம். கோடு மறைந்துவிட்டால் பேட் முடிந்துவிட்டது. கோடு இல்லாத பேட்டுக்கு ஒரு எளிய அளவு: தீக்குச்சியின் தடிப்பு அண்ணளவாக 2 மில்லிமீற்றர். உராய்வுப் பொருள் அந்த அளவுக்கு வந்தால் புதிய பேட்டை வாங்கி மாற்ற வேண்டும். 1 மில்லிமீற்றருக்குக் கீழே ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

இரண்டு பேட்களையும் பாருங்கள். பெரும்பாலான சிறிய வண்டிகளின் கலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கத்தில் மட்டுமே உண்டு. கலிப்பர் தன் ஊசிகளின் மேல் நகர்ந்துதான் மறுபக்கப் பேட்டையும் அழுத்துகிறது. அந்த ஊசிகள் துருப்பிடித்தோ கிறீஸ் காய்ந்தோ இறுகினால் ஒரு பேட் மட்டும் வேகமாகத் தேயும். வெளிப்பக்கப் பேட் தடிப்பாகத் தெரிய, உள்பக்கப் பேட் தகடுவரை போயிருக்கும்.

டிஸ்கையும் மறக்க வேண்டாம். குளிர்ந்த பின் அதன் ஓரத்தில் நகத்தை வைத்துத் தடவினால், தேயாத விளிம்பு வரப்புப் போலத் தட்டுப்படுகிறதா என்று தெரியும். குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்பது பல டிஸ்க்குகளில் மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போன டிஸ்குக்குப் புதிய பேட் போட்டும் பயனில்லை.

டிரம் பிரேக்கைப் பார்க்கும் முறை

டிரம்முக்குள் இருப்பதைக் கழற்றாமல் பார்க்க முடியாது. அதற்காகவே பல வண்டிகளில் வெளியே ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். பிரேக் கம்பியோ கேபிளோ இழுக்கும் கையில் ஒரு சிறிய அம்புக்குறியும், சில்லின் மூடியில் ஒரு கோடும் இருக்கும். ஒருவர் பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் பார்க்க வேண்டும். அம்பு கோட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ ஷூ மாற்றும் காலம் வந்துவிட்டது.

இன்னொரு குறிப்பு நட்டுக்குப் பின்னால் இருக்கும் மரை. புதிய ஷூ போட்டபோது நட்டு கம்பியின் முனையருகே இருக்கும். அது உள்ளே உள்ளே போய், இறுக்க மரை அதிகம் மிஞ்சவில்லை என்றால் ஷூவும் மிஞ்சவில்லை என்று அர்த்தம்.

மிதியின் ஆரம்ப வெற்று அசைவு பல 100 முதல் 150 சிசி வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவே இறுதி. இறுக்கிய பின் சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும். உரசினால் ஷூ வீணாகத் தேயும், டிரம் சூடாகும், பெற்றோலும் வீணாகும். பின் விளக்கு உரிய நேரத்தில் எரிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

வண்டி சொல்லும் அறிகுறிகள்

மெல்லிய கீச்சுச் சத்தம் தூசியாலும் வரலாம். கழுவியும் நிற்காவிட்டால் பேட்டைப் பார்க்க வேண்டும். இரும்போடு இரும்பு அரைபடும் கரகரப்புச் சத்தம் வந்தால் தாமதிக்கவே கூடாது. உராய்வுப் பொருள் முடிந்து தகடு டிஸ்கை அரைக்கிறது. அதற்குப் பின் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரும் பேட்டோடு டிஸ்கையும் தின்னும். பேட்டை விட டிஸ்கின் விலை பல மடங்கு.

பிரேக் பிடிக்கும்போது லீவர் கையில் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கலாம். லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் ஒயிலில் காற்று புகுந்திருக்கலாம். வண்டி நிற்க வழமையை விடக் கூடுதல் தூரம் எடுத்தால், பேட்டில் எண்ணெய் பட்டிருக்கக்கூடும். செயினுக்கு எண்ணெய் விசிறும்போதும், கழுவிய பின் பளபளப்புக்காக டீசலோ ஒயிலோ தெளிக்கும்போதும் இது நடக்கிறது. எண்ணெய் ஊறிய பேட்டை உரஞ்சிப் பயன்படுத்த நினைக்காமல் மாற்றுவதே பாதுகாப்பு.

மலையகத்தில் ஓடுபவர்களுக்கு

பிரேக்கின் வேலை, வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக்கி வெளியேற்றுவது. சமதரையில் 60 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து ஒருமுறை நிறுத்துவதை ஓர் அலகாக எடுத்துக்கொண்டால், 100 மீற்றர் உயரம் இறங்குவது அப்படி ஏழு முறை நிறுத்துவதற்குச் சமமான வெப்பம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து அண்ணளவாக 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி 500 மீற்றர் அளவில். றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும் ஒருவரது வண்டி, 60 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து தொண்ணூறு முறைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமமான சக்தியைக் கரைக்க வேண்டும். அதன் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் எடுத்துக்கொள்ளும். மிகுதி முழுவதும் பேட்டுக்கும் ஷூவுக்கும்தான்.

அதனால் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதி போன்ற செங்குத்தான இறக்கங்களில் ஏறிய கியரிலோ அதற்குக் கீழான கியரிலோ இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு இறங்குவது பெற்றோலை மிச்சப்படுத்தும் என்று நினைப்பவர்கள் முழுப் பாரத்தையும் பிரேக்கின் தலையில் ஏற்றுகிறார்கள். பிரேக்கை நெடுநேரம் மிதித்துக்கொண்டே இறங்காமல், இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறைத்து விடுவித்து, மீண்டும் பிடிப்பதே முறை. கருகிய நாற்றம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஸ்கூட்டர்களில் எஞ்சின் தரும் தடை குறைவு என்பதால், அவற்றில் இறங்குபவர்கள் இன்னும் குறைந்த வேகத்தில் இறங்க வேண்டும்.

சமதரையிலும் கரையோரத்திலும்

வடக்கிலும் கிழக்கிலும் இறக்கம் இல்லை, ஆனால் மணலும் புழுதியும் உப்புக் காற்றும் உண்டு. மணல் பேட்டுக்கும் டிஸ்குக்கும் இடையில் புகுந்து இரண்டையும் அரைக்கும். உப்புக் காற்று கலிப்பர் ஊசிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும் வீதியைக் கடந்தால் டிரம்முக்குள் தண்ணீர் தங்கும். கடந்த பின், பின்னால் வாகனம் இல்லாத இடத்தில் பிரேக்கை மெல்லப் பிடித்தபடி சிறிது தூரம் ஓடி உலர்த்திக்கொள்ளுங்கள்.

மணல் வீதியில் முன் பிரேக்கைப் பிடித்து விழுந்த பயத்தால், பலர் பின் பிரேக்கை மட்டுமே நம்புகிறார்கள். காய்ந்த தார் வீதியில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சில்லினுடையது. பின் பிரேக்கை மட்டும் பாவிப்பவரது பின் ஷூ விரைவில் தேயும். முன் பிரேக்கோ பாவனையின்றி இறுகிப்போய், அவசரத்தில் கைகொடுக்காமல் விடும். இரண்டையும் பாவியுங்கள், இரண்டையும் பாருங்கள்.

பிரேக் ஒயில்

தாங்கியின் மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருக்கும். அதையே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஒயிலோ வேறு எண்ணெயோ ஊற்றினால் இறப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் அது 155 பாகை அளவுக்கு இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் அந்த ஒயில் கொதித்து ஆவியானால், லீவர் கைப்பிடிவரை வந்தும் பிரேக் பிடிக்காது. இளமஞ்சளாக இருக்க வேண்டிய ஒயில் பிளேன்ரீ நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றுங்கள். நிறம் மாறாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

மாற்றும்போது

பேட்களைச் சோடியாகவே மாற்ற வேண்டும். மெக்கானிக்கிடம் பழைய பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் கலிப்பர் ஒழுங்காக நகர்கிறது. வித்தியாசம் இருந்தால் ஊசிகளைச் சுத்தம் செய்து கிறீஸ் வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கிறீஸ் பேட்டின் முகத்தில் படக் கூடாது. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது தாங்கியில் ஒயில் மேலேறி வழியக்கூடும். அது பெயின்ரை அரிக்கும், உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊத வேண்டாம். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து அகற்றுவதே பாதுகாப்பு.

புதிய பேட் போட்டதும் வண்டியை எடுக்குமுன் லீவர் இறுகும்வரை பலமுறை அழுத்துங்கள். இதை மறந்து புறப்பட்டவருக்கு முதல் சந்தியில் பிரேக்கே இருக்காது. முதல் 100, 200 கிலோமீற்றருக்குப் பேட் டிஸ்கோடு முழுதாகப் பொருந்தாது. அதுவரை இடைவெளி விட்டு ஓடி, மெதுவாகப் பிடித்துப் பழக்குங்கள்.

ஓடும்போது பிரேக் போனால்

லீவரை விட்டு விட்டு வேகமாக அழுத்துங்கள். சில வேளைகளில் அழுத்தம் திரும்பும். மற்றைய பிரேக்கைப் பிடித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். எஞ்சினை நிறுத்தவோ கிளட்சைப் பிடித்து வைக்கவோ வேண்டாம். ஹோர்ன் அடித்தபடி ஏற்றமான அல்லது வெறுமையான பக்கத்துக்குத் திருப்புங்கள்.

எப்போது பார்க்க வேண்டும்?

வாரம் ஒருமுறை: லீவர், மிதி, பின் விளக்கு, ஒயில் மட்டம்.

மாதம் ஒருமுறை, அல்லது 1,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை: இரண்டு பேட்களின் தடிப்பு, டிரம்மின் அம்புக்குறி, நட்டில் மிஞ்சிய மரை.

நீண்ட பயணத்துக்கும் மலையகப் பயணத்துக்கும் முன்: மேலே உள்ள அனைத்தும்.

ஒவ்வொரு சேர்விஸிலும்: கலிப்பர் ஊசிகள், டிஸ்கின் தடிப்பு, ஒயிலின் நிறம்.

60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீற்றர் தூரம் போகிறது. ஒழுங்கையில் இருந்து ஒரு பிள்ளை பந்தைத் துரத்தி ஓடி வரும் நேரமும் அவ்வளவுதான். அந்த நேரத்தில் பேட்டில் எத்தனை மில்லிமீற்றர் மிஞ்சியிருக்கிறது என்பது, நாம் அதற்கு முதல் வாரம் குனிந்து பார்த்தோமா என்பதைப் பொறுத்தது.