பேய்லர் பேர்ஸ் (ஆண்கள் கூடைப்பந்து)

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், வேக்கோ நகரிலுள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி. பிக் 12 கூட்டமைப்பைச் சேர்ந்தது. 2003இல் வீரர் பேட்ரிக் டென்னஹி கொலையுண்டதையடுத்து வீரர்களுக்கான முறைகேடான பணப்பட்டுவாடா அம்பலமாகி, பயிற்சியாளர் டேவ் பிளிஸ் பதவி விலகினார். வல்பரைசோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஸ்காட் ட்ரூ அந்த ஆகஸ்டில் பொறுப்பேற்றார். முன்னணி வீரர்கள் வேறு கல்லூரிகளுக்குச் சென்றுவிட்டதால், விளையாட்டு உதவித்தொகை பெறாத மாணவர்களையும் சேர்த்தே அணி திரட்டப்பட்டது. அந்த முறைகேட்டுக்காக, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. விதித்த தண்டனையால் 2005–06 பருவத்தில் கூட்டமைப்புக்கு வெளியே ஓர் ஆட்டமும் இல்லை. கல்லூரி விளையாட்டில் இது அரிதான தண்டனை. அப்பருவத்தில் 4 வெற்றி, 13 தோல்வி. 20 ஆண்டுகளுக்குப் பின் 2008இல் என்.சி.ஏ.ஏ. தேசியத் தொடருக்குத் தகுதிபெற்ற அணி, 2010, 2012இல் கடைசி எட்டுக்குள் நுழைந்தது. நெடுங்காலம், ஒவ்வொருவரும் ஒரு பகுதியைக் காக்கும் பகுதிக் காப்பை நம்பியிருந்த ட்ரூ, 2019–20இல் ஆளுக்கு ஆள் காக்கும் முறைக்கு மாறினார். 2021 ஏப்ரல் 5 அன்று இண்டியானாபொலிசில், அப்பருவத்தில் அதுவரை தோல்வியே காணாத கொன்சாகா பல்கலைக்கழக அணியை 86–70 என வென்று முதல் என்.சி.ஏ.ஏ. பட்டத்தைப் பெற்றது.