தரவுக் கிடங்குக்குள் குடியேறிய மொழிகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் இப்போது தரவுத்தளப் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். போனில் பேசும்போது, "சார், என் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடுகிற பைத்தான் நிரல், போஸ்ட்கிரெஸ் சர்வருக்குள் ஃபங்ஷனாகப் போட்டால் மட்டும் படுத்துகிறது" என்றார். அவருக்குச் சொன்னதை விரிவாக எழுதுகிறேன். இந்தக் கோளாறுகளில் பாதிக்குக் காரணம் நிரலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1970களில் இங்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்கிய குழுவை நடத்தினார். அதற்குப் 'பின்' வந்தது என்ற பொருளில்தான் போஸ்ட்கிரெஸ் என்று அடுத்ததற்குப் பெயர். 1986இல் வேலை தொடங்கியது. எண்ணும் எழுத்தும் மட்டும் வைக்கிற இடமாக இல்லாமல், பயன்படுத்துபவரே புது வகைத் தரவையும் அதற்கான செயல்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர்களின் எண்ணம். ஆனால் அந்தச் செயல்களை சி மொழியில் எழுதி சர்வருக்குள் ஏற்ற வேண்டும். அதில் ஒரு சுட்டி பிசகினால் சர்வரே விழுந்துவிடும்.

அதே பெர்க்லியில் 1988இல் ஜான் ஊஸ்டர்ஹவுட் டிசிஎல் என்ற எளிய மொழியை உருவாக்கினார். வேறொரு பெரிய நிரலுக்குள் பொருத்துவதற்கென்றே பிறந்த மொழி அது. ஒரே வளாகத்தில் பிறந்த இரண்டும் சேரப் பத்து வருடம் ஆனது. 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் மாறியபின், 1998இல் யான் வீக் பிஎல்/டிசிஎல், பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் என்ற இரண்டு மொழிகளை சர்வருக்குள் கொண்டுவந்தார். பின்னால் பெர்ல் வந்தது. 2002இல் வந்த 7.2 பதிப்பில் பைத்தானும் வந்து சேர்ந்தது.

இங்கேதான் பிரச்சினை ஆரம்பம். வெளியூர்க்காரரைத் திண்ணையில் படுக்க வைப்பது வேறு, நெல் குதிரின் சாவியைக் கையில் கொடுப்பது வேறு. சர்வருக்குள் ஓடும் மொழிக்குக் கோப்பைத் திறக்கத் தெரியும், வலையில் பேசத் தெரியும். சாதாரணப் பயனர் ஒருவர் ஃபங்ஷன் எழுதுகிற சாக்கில் சர்வரின் கோப்புகளை எல்லாம் படித்துவிட்டால்? அதனால் மொழிகளை நம்பகமானவை, நம்பப்படாதவை என்று இரண்டாகப் பிரித்தார்கள். நம்பகமான மொழியில் அந்தக் கதவுகள் அடைத்திருக்கும், அனுமதி பெற்ற பயனர் யாரும் எழுதலாம். நம்பப்படாத மொழியில் தரவுத்தளத்தின் தலைமைப் பயனர் மட்டுமே ஃபங்ஷன் உருவாக்க முடியும்.

பைத்தான் முதலில் நம்பகமானதாகத்தான் வந்தது. பைத்தானிலேயே இருந்த ரெக்ஸெக் என்ற காவல் தொகுதியை நம்பி அப்படி வைத்தார்கள். பைத்தான் 2.2இல் புதுவகை வகுப்புகள் வந்ததும் அந்தக் காவலைத் தாண்ட வழி இருப்பது தெரிந்தது. 2003இல் பைத்தான் 2.3 அதை முடக்கிவிட்டது. அதே ஆண்டு வந்த போஸ்ட்கிரெஸ் 7.4இல் பிஎல்பைத்தான் என்ற பெயருக்குப் பின்னால் 'யு' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டது. நம்பப்படாதது என்பதன் முதல் எழுத்து அது. அன்று முதல் இன்று வரை அப்படியே. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது நேர்மையான முடிவாகத் தெரிகிறது. பூட்டு உடைந்த பிறகும் பூட்டியிருப்பதாகச் சொல்லாமல் கதவில் எழுதி ஒட்டிவிட்டார்களே! 2010இல் பெர்லின் காவல் தொகுதியிலும் ஓட்டை தெரிந்து, அதைத் தூக்கிவிட்டு வேறு தடை வைக்க வேண்டிவந்தது.

இப்போது என் மாணவரின் கோளாறுகளுக்கு வருவோம்.

"மாட்யூல் கிடைக்கவில்லை" என்பது முதல் புகார். ஃபங்ஷன் ஓடுவது உங்கள் கணக்கில் அல்ல, சர்வரின் கணக்கில். உங்கள் திரையில் எந்தச் சூழலை இயக்கியிருந்தாலும் அது சர்வருக்குத் தெரியாது. அதோடு, சர்வர் எந்தப் பைத்தானோடு சேர்த்துக் கட்டப்பட்டதோ அதைத்தான் அது தேடும். ஊகிக்க வேண்டாம். பைத்தானின் பதிப்பையும் தேடும் பாதையையும் சொல்லச் சொல்லி, நாலு வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதி, நோட்டீஸ் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். பிரிண்ட் என்று எழுதினால் அது சர்வரின் வெளியீட்டுக்குப் போகும், கேட்டவருக்கு வந்து சேராது.

இரண்டாவது புகார் எனக்குப் பிடித்தது. "கோப்பைத் திருத்திவிட்டேன் சார், ஆனாலும் ஒரு நேரம் சரியாக வருகிறது, ஒரு நேரம் பழையபடி வருகிறது." போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தனிச் செயல்முறை வைக்கிற பழக்கம் பெர்க்லி காலத்திலிருந்தே உள்ளது. ஒவ்வொன்றுக்குள்ளும் தனிப் பைத்தான். ஒருமுறை ஏற்றிய மாட்யூலை இணைப்பு மூடும்வரை அது திரும்பப் படிக்காது. இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் பூலர் நடுவில் இருந்தால் பழைய ஆளும் புது ஆளும் மாறி மாறிப் பதில் சொல்வார்கள். இணைப்புகளை மூடித் திறந்தால் போதும்.

மூன்றாவது: ஃபங்ஷனுக்குள் வந்த மதிப்பின் ஓரத்து வெற்றிடத்தை நீக்கி அதே பெயரில் திரும்ப வைத்தால், "மதிப்பு தருவதற்கு முன்பே பயன்படுத்திவிட்டாய்" என்று பிழை. நீங்கள் எழுதுவதை சர்வர் ஒரு பைத்தான் ஃபங்ஷனாகச் சுற்றி, உள்ளீடுகளைப் பொது மாறிகளாக வெளியே வைக்கிறது. உள்ளே அதே பெயருக்கு மதிப்பு தந்தால் பைத்தான் அதை உள்ளூர் மாறியாக எடுத்துக்கொள்ளும். வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ந்தது.

இதையெல்லாம் கண்டுபிடிப்பது முன்பு இன்னும் கஷ்டம். எந்த வரியில் பிழை என்று தடம் காட்டும் வசதியே 2011இல், 9.1 பதிப்பில்தான் வந்தது.

கடைசியாக, பழைய சர்வர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. பைத்தான் 3க்கான தனி மொழி 2010இல் 9.0 பதிப்பில் வந்தது. இரண்டு பைத்தானையும் ஒரே இணைப்பில் பயன்படுத்த முடியாது. 2022இல் வந்த 15ஆம் பதிப்பு பைத்தான் 2ஐ முழுக்க நீக்கிவிட்டது. ஆகவே மேம்படுத்தும் முன் பழைய ஃபங்ஷன்களை 3க்கு மாற்றியாக வேண்டும். மாற்றும்போது பிழை தந்து நிற்பவற்றுக்கு நான் பயப்பட மாட்டேன். 7ஐ 2ஆல் வகுத்தால் பைத்தான் 2 தரும் விடை 3, பைத்தான் 3 தரும் விடை 3.5. ஃபங்ஷனின் விடை முழு எண் என்று அறிவித்திருந்தால் சர்வர் பிழை சொல்லிக் காட்டிக்கொடுக்கும். பின்ன எண் என்று அறிவித்திருந்தால் சத்தமில்லாமல் 3.5 அட்டவணையில் ஏறிவிடும், யாரோ ஒருவரின் கணக்கு மாறிவிடும். வகுத்தல் குறி வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். பழைய விடையே வேண்டிய இடத்தில் இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.