பரணில் கிடக்கும் பாட்டு: ராப் ஆல்பங்களும் லேபிள்களின் பூட்டிய அறையும்

இன்னிக்கு கதை 1993 ஏப்ரல் மாசம், நியூயார்க்ல ஆரம்பிக்குது.

அண்ணன் தம்பி ரெண்டு பேர். அண்ணன் டேனியல் டூமிலே, மேடைப் பெயர் ஸெவ் லவ் எக்ஸ். தம்பி டிங்கிலிஸ்வே, மேடைப் பெயர் சப்ராக். இவங்களோட குழு பேரு கே.எம்.டி. முதல் ஆல்பம் 'மிஸ்டர் ஹூட்' 1991ல எலெக்ட்ரா ரெக்கார்ட்ஸ் மூலமா வந்தது. ரெண்டாவது ஆல்பம் 'பிளாக் பாஸ்டர்ட்ஸ்' முடியப் போற நேரம். லாங் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வேயைக் கடக்கும்போது கார் மோதி சப்ராக் இறந்துட்டார். இருபதை ஒட்டின வயசு.

அண்ணன் தனியா உட்கார்ந்து அந்த ஆல்பத்தை முடித்தார். தம்பியோட குரல், தம்பி போட்ட பீட் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. 1994ல ரிலீஸ்னு முடிவாச்சு.

பிரச்சினை அட்டையில் வந்தது. கறுப்பின மக்களைக் கேலி செய்ய அமெரிக்காவில் ரொம்ப காலமா வரைஞ்சுக்கிட்டிருந்த 'சாம்போ' என்கிற உருவம், அட்டைப் படத்தில் தூக்கில் தொங்கும். வரைந்தவர் டூமிலேயேதான். அந்தக் கேலிச் சித்திரத்தைத்தான் அவர் தூக்கில் போடுறார். ஆனால் பில்போர்டு இதழில் ஒரு பத்தியாளர் அட்டையைக் கண்டித்து எழுதினார். எலெக்ட்ராவின் தாய் நிறுவனம் டைம் வார்னர். 1992ல ஐஸ்-டியோட 'காப் கில்லர்' பாட்டு விவகாரத்தில் அவங்க ஏற்கெனவே சூடு கண்டிருந்தாங்க. இன்னொரு தலைவலி வேண்டாம்னு ஆல்பத்தையே நிறுத்தினாங்க. குழுவையும் கழற்றி விட்டாங்க.

தம்பி போன ஒரு வருஷத்துல, தம்பி கடைசியா செஞ்ச வேலையும் போச்சு.

இந்தக் கதையில ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. வெளியே அனுப்பும்போது மாஸ்டர் டேப்பை அவர்கிட்டயே கொடுத்து அனுப்பினாங்க. பல வருஷம் அவர் ஆளே காணோம். 90களின் கடைசியில் முகத்தை மறைச்சுக்கிட்டு மேடைக்கு வந்தார். 1999ல 'ஆப்பரேஷன்: டூம்ஸ்டே' ஆல்பம் வந்தது. ஆமா, முகமூடி போட்ட எம்.எஃப். டூம் இவர்தான். 'பிளாக் பாஸ்டர்ட்ஸ்' 2000களின் தொடக்கத்தில் சின்ன லேபிள்கள் வழியா முறையா வெளியே வந்தது. டேப் அவர் கையில் இருந்ததால நடந்த விஷயம் இது.

பெரும்பாலானவங்களுக்கு அந்த டேப் கைக்கு வராது. ஏன்னு பார்ப்போம்.

பத்திரம் யார் பேர்ல?

ஒரு பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செஞ்சு முடிச்சதும் உருவாகும் மூலப் பதிவுதான் 'மாஸ்டர்'. அதுக்கு முந்தைய நிலை மல்டிடிராக். அதில் குரல் தனி, டிரம் தனி, பேஸ் தனி. இதை வெச்சிருக்கிறவங்க பாட்டை மறுபடி கலக்கலாம், குரலை மட்டும் பிரிச்சு எடுத்து வேற பீட் மேல வைக்கலாம்.

பெரிய லேபிள் ஒப்பந்தம் பொதுவா இப்படி இருக்கும். லேபிள் அட்வான்ஸ் கொடுக்கும். ஸ்டுடியோ வாடகை, தயாரிப்பாளர் சம்பளம் எல்லாம் அந்தக் கணக்கில் போகும். கலைஞருக்கு வர வேண்டிய ராயல்டியில் இருந்து அந்தச் செலவை லேபிள் கழிச்சுக்கும். மொத்தமும் கழிஞ்ச பிறகுதான் கலைஞர் கையில் காசு. ஆனால் கழிஞ்சு முடிஞ்ச பிறகும் மாஸ்டர் லேபிளுக்கே சொந்தம். வீட்டுக் கடனை முழுசா கட்டி முடிச்ச பிறகும் பத்திரம் பேங்க் பேர்லயே இருக்கிற மாதிரி.

இன்னொரு விஷயம். ஆல்பத்தை வெளியிடுவேன் என்ற உறுதியை லேபிள் அவ்வளவு சீக்கிரம் கொடுக்காது. வெளியிடாமல் வைத்திருக்கும் உரிமையும் அதுகிட்டதான் இருக்கும். கலைஞர் அதே பாட்டை வேற இடத்தில் மறுபடி பதிவு செய்யவும் சில வருஷம் தடை இருக்கும்.

இதைப் படிச்சப்போ எனக்கு என் முதல் வேலை ஞாபகம் வந்துச்சு. ஓ.எம்.ஆர்ல ஒரு கம்பெனி. எட்டு மாசம் நானும் இன்னும் ரெண்டு பேரும் ஒரு டூல் எழுதினோம். லாஞ்சுக்கு ஒரு வாரம் முன்னாடி மீட்டிங் போட்டு, 'பிளான் மாறிடுச்சு'ன்னு சொன்னாங்க. அடுத்த நாள் ரெப்போவை ஆர்க்கைவ் பண்ணிட்டாங்க, எங்க ஆக்சஸ் போச்சு. அடுத்த இன்டர்வியூல 'என்ன செஞ்சீங்க, காட்டுங்க'ன்னு கேட்டாங்க. காட்ட ஒண்ணுமே இல்ல. ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிச்சா, நான் எழுதுற ஒவ்வொரு வரியும் கம்பெனிக்குச் சொந்தம்னு ரெண்டாவது பக்கத்துலயே இருக்கு. கையெழுத்து என்னுதுதான். எனக்குப் போனது ஒரு டூல். டூமிலேக்குப் போகவிருந்தது தம்பியோட குரல். ஆனா ரெண்டு காகிதத்திலும் இருக்கிற தர்க்கம் ஒண்ணுதான்.

ஏன் கிடப்பில் போடுறாங்க?

முதல் காரணம் பயம். கே.எம்.டி. கதையில் பார்த்தோம்.

ரெண்டாவது, 'இது விக்காது' என்ற கணக்கு. லார்ஜ் ப்ரொஃபசர்னு ஒரு தயாரிப்பாளர். நாஸ் என்ற பெயரை உலகம் முதலில் கேட்டது 1991ல இவரோட மெயின் சோர்ஸ் குழு ஆல்பத்தில்தான். 1994ல 'இல்மேடிக்' ஆல்பத்தில் மூணு பாட்டு இவர் தயாரிப்பு. அப்படிப்பட்ட ஆளோட தனி ஆல்பம் 'தி எல்.பி.'. 1996ல ரெண்டு சிங்கிள்ஸ் வந்தது. அதுக்கு மேல கெஃபன் லேபிள் ஆல்பத்தை அப்படியே ஊறப்போட்டுடுச்சு. அதிகாரபூர்வமா முழுசா வந்தது 2009ல. 13 வருஷம்! 1996ல கேட்டிருந்தா புதுசா இருந்திருக்கும். 2009ல அது பழைய நினைவு.

ஏ டிரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் க்யூ-டிப்புக்கும் இதே கதி. 2001ல 'கமால் தி ஆப்ஸ்ட்ராக்ட்' பதிவு செஞ்சார். ராப் குறைவு, பாட்டும் ஜாஸும் ஜாஸ்தி. விமர்சகர்களுக்குப் பிரதிகூட போயிடுச்சு. அரிஸ்டா லேபிள், வியாபாரம் ஆகாதுன்னு நிறுத்திடுச்சு. அதுவும் 2009ல தான் கடைக்கு வந்தது.

லேபிள் பக்க நியாயத்தையும் சொல்லணும். பதிவுக்குச் செலவான பணம் ஏற்கெனவே போன பணம். வெளியிடணும்னா விளம்பரம், வீடியோ, ரேடியோன்னு இன்னொரு பெரிய செலவு. நிறுத்தினா நஷ்டம் எவ்வளவுன்னு தெரியும். வெளியிட்டா தெரியாது. எக்ஸெல் ஷீட்டில் பார்த்தா அந்த முடிவு சரியாத்தான் தெரியும்.

மூணாவது, ஆள் மாற்றம். ஒரு ஆல்பத்துக்காக லேபிளுக்குள்ள சண்டை போடுறவர் ஒரே ஒருத்தர்தான் இருப்பார், அவரை அழைச்சுட்டு வந்த அதிகாரி. அவர் வேலையை விட்டாலோ, லேபிள் இன்னொரு லேபிளோட இணைஞ்சாலோ, ஆல்பம் அநாதை. டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜே டில்லா 2000களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. லேபிளுக்கு ஒரு ஆல்பம் செஞ்சார். பீட்டுக்குப் பேர் போன டில்லா, அதில் மத்தவங்க பீட்டில் ராப் பண்ணினார். லேபிள் அதை நிறுத்தியது. 2003ல எம்.சி.ஏ.வையே கெஃபனோட சேர்த்துட்டாங்க. 2006 பிப்ரவரியில் டில்லா இறந்தார், வயசு 32. 'தி டைரி' என்ற பெயரில் அந்த ஆல்பம் வந்தது 2016ல. அவர் இறந்து பத்து வருஷம் கழிச்சு.

நாலாவது, சாம்பிள். 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அனுமதி இல்லாமல் சாம்பிள் எடுப்பது திருட்டுன்னு தீர்ப்பு சொன்னது. அதுக்கப்புறம் ஒவ்வொரு துணுக்குக்கும் உரிமையாளரைத் தேடணும், காசு கொடுக்கணும். பெட்டிக்குள்ள இருக்கிற பழைய பாட்டை வெளியே எடுக்கவே லேபிள்கள் யோசிக்க இது பெரிய காரணம்.

டி லா சோல் குழுவின் ஆல்பங்கள் ரிலீஸ் ஆனவைதான். ஆனா அவங்க பழைய ஒப்பந்தங்கள்ல சாம்பிள் அனுமதி எழுதப்பட்ட விதம் டிஜிட்டலுக்குப் பொருந்தல. ஸ்ட்ரீமிங் வந்து பல வருஷம் ஆகியும் அவங்களோட ஆரம்பகால ஆல்பங்கள் எந்த ஆப்பிலும் இல்லாமலே இருந்தது. கடைசியா 2023 மார்ச் 3ல வந்தது. குழுவில் மூணு பேர். அதில் ஒருத்தரான டேவ், அதுக்கு மூணு வாரம் முன்னாடி, பிப்ரவரி 12ல இறந்துட்டார்.

ஆள் போன பிறகு

கலைஞர் இறந்ததும் கணக்கு தலைகீழாகுது. நேத்து வரைக்கும் விக்காதுன்னு கிடந்த டேப் இன்னிக்குப் பொக்கிஷம்.

டூபாக் ஷகூர் 1996 செப்டம்பர் 13ல லாஸ் வேகாஸ்ல இறந்தார், வயசு 25. உயிரோட இருந்தப்போ வந்த தனி ஆல்பம் 4. இறந்த பிறகு வந்தவை அதைவிட அதிகம். 1995 அக்டோபரில் சிறையில் இருந்து வந்த பிறகு ராத்திரி பகலா பதிவு செஞ்ச மனுஷன் அவர். அந்த டேப்பெல்லாம் டெத் ரோ ரெக்கார்ட்ஸ் கையில். அவரோட அம்மா அஃபேனி ஷகூர், ஒரு காலத்தில் பிளாக் பாந்தர் இயக்கத்தில் இருந்து, கர்ப்பிணியா இருந்தபோதே நீதிமன்றத்தில் தனக்காகத் தானே வாதாடியவர். மகனோட வெளிவராத பதிவுகளுக்காக அவர் மறுபடி நீதிமன்றம் போனார். போராடி உரிமை வாங்கி, அமரு என்ற நிறுவனம் தொடங்கி வெளியிட்டார்.

ஆக, பாட்டு லேபிள்கிட்ட இருந்து அம்மா கைக்கு வந்துடுச்சு. பிரச்சினை முடிஞ்சுதா? இல்ல. 2004ல வந்த 'லாயல் டு தி கேம்' ஆல்பத்தை எமினெம் தயாரித்தார். புது பீட்டுக்குப் பொருந்த டூபாக்கோட குரலின் வேகத்தையும் சுருதியையும் மாத்தினாங்க. அவர் சொன்ன ஒலிகளை வெட்டி ஒட்டி, அவர் காலத்தில் இல்லாத பெயர்களைக்கூட அவர் வாயால சொல்ல வெச்சாங்க. ஏ.ஐ. வர்றதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி நடந்தது இது.

வேற மாதிரியும் செய்யலாம். மேக் மில்லர் 2018 செப்டம்பரில் இறந்தப்போ 'சர்க்கிள்ஸ்' ஆல்பம் பாதியில் இருந்தது. அவரோட உட்கார்ந்து அதே ஆல்பத்தில் வேலை பார்த்துக்கிட்டிருந்த ஜான் பிரையன், குடும்பத்தோட சம்மதத்தோட முடிச்சார். 2020 ஜனவரியில் வந்தது. திடீர்னு சம்பந்தமில்லாத பத்து விருந்தினர் பாட்டுல நுழையல. அவருக்கு என்ன வேணும்னு தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்திலேயே இருந்தார். வித்தியாசம் அங்கதான்.

பேக்கப் இருக்கா?

நம்ம ஆளுங்க பதறப் போற பகுதி இது. 2008 ஜூன் 1ல ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்ல பெரிய தீ. அப்போ வீடியோ பிரதிகள்தான் போச்சுன்னு சொன்னாங்க. 2019ல நியூயார்க் டைம்ஸ் இதழ் அங்கே யுனிவர்சல் மியூசிக் குழுமத்தின் ஒலி மாஸ்டர்களும் எரிஞ்சதுன்னு எழுதினது. இழப்பு 5 லட்சம் பாட்டு வரை இருக்கலாம்னு நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்று கணித்திருந்ததையும் அந்தக் கட்டுரை சொன்னது. அது மிகைன்னு நிறுவனம் மறுத்தது. வழக்கு போட்டவர்களில் டூபாக்கின் எஸ்டேட்டும் உண்டு.

வெளிவந்த பாட்டு எரிஞ்சா சி.டி.யாவது எங்கயாவது இருக்கும். வெளிவராத பாட்டுக்கு அந்த ஒரே டேப்தான். எரிஞ்சா, அப்படி ஒரு பாட்டு இருந்ததே யாருக்கும் தெரியாது. டேப்பை வெளியேயும் விடாம, எரியாமலும் பார்த்துக்காம வெச்சிருந்தா, 'சொந்தம்'ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

கடைசியா

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு கதவு இருக்கு. 1978க்குப் பிறகு கொடுத்த உரிமையை, 35 வருஷம் கழிச்சு படைப்பாளி திரும்பக் கேட்கலாம். 1980களின் கடைசியில் கையெழுத்துப் போட்ட ராப் கலைஞர்களுக்கு அந்தக் காலம் இப்போ வந்துக்கிட்டிருக்கு. ஆனா 'வேலைக்கு அமர்த்திச் செய்த படைப்பு'ன்னு இருந்தா அந்த உரிமை கிடையாது. லேபிள்கள் ஒப்பந்தத்தில் எழுதி வெச்சிருக்கிறதும் அதைத்தான். என் ஆஃபர் லெட்டரோட ரெண்டாவது பக்கம் மாதிரியே.

ஆண்டர்சன் பாக் 2021ல தன் கையில் ஒரு பச்சை குத்திக்கிட்டார். நான் போன பிறகு என் பெயரில் ஆல்பமோ பாட்டோ போடாதீங்க, அதெல்லாம் வெறும் டெமோ என்பதுதான் அதன் சாரம். காகிதத்தை நம்பாமல் தோலில் எழுதிக்கிட்டார்.

அடுத்த முறை இறந்த ஒரு கலைஞரோட 'புது' ஆல்பம் உங்க ஆப்பில் வந்தா, கேளுங்க, தப்பில்ல. கூடவே கிரெடிட்ஸையும் பாருங்க. குரல் எப்போ பதிவானது, பீட் போட்டவருக்கு அவரைத் தெரியுமா, உரிமை யார் பேர்ல இருக்கு. இந்த மூணும் தெரிஞ்சா, கேட்கிறது அவரோட பாட்டா, அவர் குரலை வெச்சு இன்னொருத்தர் செஞ்ச பாட்டான்னு ஓரளவு பிடிபடும்.

இன்னிக்கு ராத்திரி 'பிளாக் பாஸ்டர்ட்ஸ்' ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அண்ணனும் தம்பியும் மாறி மாறிப் பேசுறாங்க. அந்த டேப் அன்னிக்கு அவர் கைக்கு வராம போயிருந்தா, இந்த எபிசோடே இருந்திருக்காது.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரைக்கும் உங்க ஆஃபர் லெட்டரோட ரெண்டாவது பக்கத்தை ஒரு தடவை படிச்சுடுங்க.